புதுச்சேரி – பாரீஸ்: தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரி கடற்கரையிலிருந்து பாரீஸ் நகர மையம் வரை வான்வழி நேர்த்தூரம் ஏறத்தாழ 8,100 கி.மீ. சென்னை மீனம்பாக்கத்திலிருந்து பாரீஸ் ஷார்ல் தெ கோல் விமான நிலையம் வரை 8,020 கி.மீ. எங்கும் நிற்காமல் பறந்தால் பத்தரை மணி நேரம் பிடிக்கும். துபாய், தோஹா மாதிரி ஓரிடத்தில் விமானம் மாறினால் 13 முதல் 18 மணி நேரம். வீட்டிலிருந்து வீடு வரை என்றால் ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுங்கள்.

அவசரத்துக்கு இவ்வளவு போதும். ஆனால் டிக்கெட் எடுக்க உட்காரும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. ஒரு தளத்தில் ஒரு தூரம், இன்னொன்றில் வேறு தூரம். டிக்கெட்டில் உள்ள மணிகளைக் கழித்தால் போகும்போது பத்து மணி நேரம்கூட வராது, வரும்போது பதினேழு மணி நேரம் வருகிறது. எதை நம்புவது? எதையும் நம்ப வேண்டாம், நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கைபேசியில் இருக்கும் கால்குலேட்டரே போதும்.

முதலில், எந்தத் தூரம் வேண்டும்?

'தூரம்' என்று தேடினால் மூன்று விதமான எண்கள் கிடைக்கும். ஒன்று, நகர மையத்திலிருந்து நகர மையம். இரண்டு, விமான நிலையத்திலிருந்து விமான நிலையம். மூன்று, விமானம் உண்மையில் பறந்த பாதையின் நீளம். முதல் இரண்டும் மாறாதவை. மூன்றாவது தினம் தினம் மாறும். நேர்த்தூரத்தைவிட எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். பயண நேரத்தைத் தீர்மானிப்பது அந்த மூன்றாவது எண்தான்.

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் தப்பு வரும். பூமி உருண்டை, இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் ஒரு துண்டு. பள்ளிக்கூடத்து உலக உருண்டை கிடைத்தால் புதுச்சேரியில் நூலின் ஒரு முனையை அழுத்திப் பிடித்து, பாரீஸ் வரை இழுத்து விறைப்பாக்கிப் பாருங்கள். நூல் போகும் வழிதான் பெருவட்டப் பாதை. கணினியில் கூகுள் மேப்ஸ் திறந்து, புதுச்சேரி மேல் வலது கிளிக் செய்து, தூரம் அளக்கும் வசதியைத் தேர்ந்து, பாரீஸைத் தொட்டாலும் இதே அளவு கிடைக்கும். கைபேசியில் என்றால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் பார்க்கலாம்.

கால்குலேட்டரில் போடும் கணக்கு

தேவையானவை நான்கு எண்கள் மட்டும்.

புதுச்சேரி: அட்சரேகை 11.93 வடக்கு, தீர்க்கரேகை 79.83 கிழக்கு.
பாரீஸ்: அட்சரேகை 48.86 வடக்கு, தீர்க்கரேகை 2.35 கிழக்கு.

1. கால்குலேட்டரைச் சாய்த்துப் பிடித்தால் சைன், காஸ் பொத்தான்கள் வரும். அது 'டிகிரி' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். 'ரேடியன்' நிலையில் இருந்தால் விடை கன்னாபின்னாவென்று வரும். சோதிக்க எளிய வழி: சைன் 30 போட்டால் 0.5 வர வேண்டும்.

2. தீர்க்கரேகை வித்தியாசம்: 79.83 – 2.35 = 77.48. இரண்டு ஊரும் கிழக்கில் இருப்பதால் கழிக்கிறோம். லண்டன் ஹீத்ரோ நிலையம் கிரீனிச்சுக்கு மேற்கே 0.45-இல் இருக்கிறது, அதற்குக் கூட்ட வேண்டும். அமெரிக்க ஊர்கள் எல்லாமே மேற்குதான். இதைக் கவனிக்காமல் நியூயார்க்குக்குக் கணக்குப் போட்டால் அது நமக்கு அடுத்த வீடு மாதிரி வந்து நிற்கும்.

3. சைன் 11.93 × சைன் 48.86 = 0.2067 × 0.7531 = 0.1557.

4. காஸ் 11.93 × காஸ் 48.86 × காஸ் 77.48 = 0.9784 × 0.6579 × 0.2168 = 0.1395.

5. இரண்டையும் கூட்டினால் 0.2952. இதற்குத் தலைகீழ் காஸ் (cos⁻¹ பொத்தான்) போடுங்கள்: 72.83 டிகிரி.

6. ஒரு டிகிரிக்கு 111.19 கி.மீ. ஆகவே 72.83 × 111.19 = 8,098 கி.மீ.

பூமி முழு உருண்டை அல்ல, துருவங்களில் சற்றே தட்டை. அதனால் இந்தக் கணக்கில் அரை சதவீதத்துக்குள் பிழை இருக்கலாம். பயணத் திட்டத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. விமானக்காரர்கள் நாட்டிகல் மைலில் பேசுவார்கள், 1.852-ஆல் வகுத்தால் சுமார் 4,370 வரும்.

அந்தக் கோடு எங்கே போகிறது

புதுச்சேரியிலிருந்து புறப்படும் கோடு நேர் மேற்கே போவதில்லை, வடமேற்கே போகிறது. மொத்தத் தூரத்தில் கால் பங்கு முடியும்போது அது கராச்சிக்கு மேற்கே பலுசிஸ்தான் கரையைத் தொடுகிறது. சரிபாதியில் வடக்கு ஈரானில், தெஹ்ரானுக்கு மேற்கே கஸ்வீன் நகரத்துக்கு அருகே, காஸ்பியன் கடலுக்குத் தெற்கே மலைகளின் மேல் இருக்கிறது. முக்கால் பங்கில் கருங்கடலைத் தாண்டி, ருமேனியாவில் டான்யூப் நதி கடலில் கலக்கும் இடம்.

இந்தப் பட்டியலைப் பார்த்ததுமே ஏன் எந்த விமானமும் இந்தக் கோட்டில் அப்படியே போவதில்லை என்பது புரிந்திருக்கும். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அதே மாதக் கடைசியில் ரஷ்யாவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒன்றன் விமானங்களை மற்றொன்று தடுத்தன. பாகிஸ்தான் 2019-இல் பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை வான்வெளியைப் பெருமளவு மூடி வைத்திருந்தது. 2025 ஏப்ரல் 24-இல் இந்திய நிறுவன விமானங்களுக்கு மறுபடி மூடியது. 2025 ஜூனில் ஈரான் வான்வெளி மூடப்பட்டது. அந்த மாதம் 23-ஆம் தேதி கத்தாரே சில மணி நேரம் வானத்தைச் சாத்தியது. தோஹாவில் மாற வேண்டியவர்கள் கதி என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மூடல் எல்லா நிறுவனத்துக்கும் ஒரே மாதிரி இருக்காது என்பதுதான் டிக்கெட் எடுப்பவர் கவனிக்க வேண்டியது. பாகிஸ்தான் மூடல் இந்திய விமானங்களுக்கு மட்டும் என்றால், டில்லி வழியாக ஏர் இந்தியாவில் போகிறவருக்கு டில்லி–பாரீஸ் துண்டு நீளும். சென்னை–துபாய் துண்டு கர்நாடகம், அரபிக்கடல், ஓமன் என்று தெற்காகவே போவதால் அதற்குப் பாதிப்பில்லை. ஆகவே பயணத்துக்கு முந்தைய வாரம், உங்கள் விமான எண்ணை ஃப்ளைட்ரேடார்24 மாதிரியான தளத்தில் போட்டு, கடந்த ஏழு நாட்களில் அது எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது, எந்த வழியாகப் போனது என்று பாருங்கள். நிறுவனத்தின் அட்டவணை சொல்வதைவிட இது நிஜத்துக்குப் பக்கம். ஏழு நாளில் நான்கு நாள் முக்கால் மணி நேரம் தாமதம் என்றால் உங்களுக்கும் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கி.மீ.-யை மணி நேரமாக மாற்றுவது

35,000 அடி உயரத்தில் பெரிய விமானங்கள் ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தை ஒட்டிப் பறக்கும். அந்தக் குளிரில் அது மணிக்கு சுமார் 900 கி.மீ. இது காற்றுக்குள் அதன் வேகம். தரையை வைத்துப் பார்த்தால் எதிர்க்காற்று அதைக் குறைக்கும், பின்காற்று கூட்டும்.

நமக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே உயரத்தில் வீசுவது பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே. குளிர்காலத்தில் ஜெட் காற்றோட்டம் வட இந்தியா, ஈரான், அரேபியா மேலாக வலுத்து நிற்கும். 8,000 கி.மீ.-க்கு ஒரு கணக்கு: காற்றே இல்லாவிட்டால் 900-ஆல் வகுக்க 8 மணி 53 நிமிடம். மணிக்கு 80 கி.மீ. எதிர்க்காற்று என்றால் 820-ஆல் வகுக்க வேண்டும், 9 மணி 45 நிமிடம் ஆகிவிடும். அதே காற்று முதுகில் தள்ளினால் 980. 8 மணி 10 நிமிடம். போவதற்கும் வருவதற்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். பாரீஸ் போகும் விமானம் 'மெதுவாக' இருக்கிறதே, வரும்போது விரட்டுகிறாரே என்று விமானியைக் குறை சொல்ல வேண்டாம்.

இதில் இன்னும் சேர்க்க வேண்டியவை: ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்கும்போது சுற்றுவது, பாதை வளைவது. டிக்கெட்டில் போடும் நேரம் விமானம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறு வாயிலில் நிற்கும் வரை. சக்கரம் தரையை விடுவதிலிருந்து அல்ல. எல்லாவற்றையும் அடக்கி ஒரு எளிய சூத்திரம்:

நேர்த்தூரம் ÷ 850. மேற்கே போகிறீர்கள் என்றால் விடையில் 8 சதவீதம் கூட்டுங்கள், கிழக்கே வருகிறீர்கள் என்றால் 3 சதவீதம் கழியுங்கள். பிறகு அரை மணி நேரம் சேருங்கள்.

சென்னை–பாரீஸுக்குப் போட்டுப் பார்ப்போம். 8,020 ÷ 850 = 9.44. எட்டு சதவீதம் கூட்டினால் 10.19. அரை மணி சேர்த்தால் 10.7, அதாவது 10 மணி 40 நிமிடம். திரும்பும்போது 9.65, சுமார் 9 மணி 40 நிமிடம். குறுகிய தூரத்துக்கு இந்தச் சூத்திரம் சரிவராது. சென்னை–டில்லி மாதிரித் துண்டுகளில் ஏறி இறங்கும் நேரமே பெரும் பங்கு என்பதால் அட்டவணையைப் பார்ப்பதே மேல்.

எங்கே மாறலாம்: சுற்று எவ்வளவு?

'துபாய் போய்ப் போவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது' என்று நினைப்பவர்கள் நிறைய. கணக்குப் போட்டால் அப்படி இல்லை.

சென்னை–துபாய் 2,930, துபாய்–பாரீஸ் 5,240. மொத்தம் 8,170 கி.மீ. நேர்வழியைவிட 150 கி.மீ.தான் கூடுதல், வானத்தில் பத்து நிமிடம். தோஹா வழி 8,255. பிராங்பர்ட் வழி 8,040 மட்டுமே, கிட்டத்தட்ட நேர்வழி. லண்டன் வழி 8,580, ஏனென்றால் பாரீஸைத் தாண்டிப் போய்த் திரும்புகிறீர்கள். டில்லி வழி 8,325. கொழும்பு வழி 9,130. தெற்கே போய்விட்டு வடக்கே போவதால் 1,100 கி.மீ. அதிகம். பெங்களூரிலிருந்து பாரீஸ் 7,825 கி.மீ.; அங்கிருந்து ஏர் பிரான்ஸ் நேரடியாகப் பறக்கிறது.

ஆக, கொழும்பு தவிர மற்ற எதிலும் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. நேரத்தைத் தின்பது நடுவில் காத்திருக்கும் நேரம்தான். ஒரே டிக்கெட்டில், ஒரே நிறுவனத்தில் மாறினால் ஒன்றரை முதல் மூன்று மணி நேர இடைவெளி நல்லது. ஒரு மணி நேரத்துக்குக் கீழே உள்ளதை, நிறுவனமே விற்றாலும், வயதானவர்களோடு போகிறவர்கள் எடுக்க வேண்டாம். துபாயில் ஒரு வாயிலிலிருந்து இன்னொரு வாயிலுக்கு நடையும் ரயிலுமாக அரை மணி நேரம் ஆகலாம், நடுவில் மறுபடி பாதுகாப்புச் சோதனை. அங்கே 100 மில்லிக்கு மேல் திரவம் கைப்பையில் இருந்தால் எடுத்து வைத்துவிடுவார்கள். எண்ணெய் மிதக்கும் ஊறுகாயும் அவர்கள் கணக்கில் திரவம்தான். பெட்டியில் போட்டுவிடுங்கள்.

இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்து இணைப்பது மலிவாகத் தெரியும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது பறந்துவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். அதற்கு அந்த நாட்டு விசா தேவைப்படலாம். ஐந்து மணி நேர இடைவெளிக்குக் குறைவாக இதைச் செய்யாதீர்கள்.

பிராங்பர்ட்டில் மாறுகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். ஜெர்மனியும் பிரான்சும் ஷெங்கன் பகுதி (தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) என்பதால் குடியேற்றச் சோதனை பிராங்பர்ட்டிலேயே முடிந்துவிடும். பாரீஸ் துண்டு உள்ளூர் விமானம் மாதிரி. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக, குறுகிய காலப் பயணமாகப் போகும் வெளிநாட்டவருக்கு விரல்ரேகையும் புகைப்படமும் எடுத்துப் பதிகிறார்கள். முதன்முறை போகிறவருக்கு வரிசை நீளும். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இந்த வரிசை இல்லை. ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் என்றால், அவருடைய வரிசைதான் எல்லோருடைய நேரமும். லண்டன் ஷெங்கனில் இல்லை; அங்கே மாறுவதற்கான விதி தனி. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பாருங்கள்.

கடிகாரக் கணக்கு

இந்தியா ஆண்டு முழுக்க ஒரே நேரம். பிரான்ஸ் அப்படி இல்லை. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பாரீஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். மற்ற மாதங்களில் நாலரை மணி நேரம் பின்னால். துபாய் எப்போதும் ஒன்றரை மணி நேரம் பின்னால். தோஹா இரண்டரை.

டிக்கெட்டில் உள்ள எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். எல்லாவற்றையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிப்பதே சுலபம். கோடைக்கால உதாரணம் ஒன்று (எண்கள் கணக்குக்காக):

சென்னை புறப்பாடு 04:10. துபாய் வருகை 06:50, இந்திய நேரம் 08:20. பறந்தது 4 மணி 10 நிமிடம்.
துபாய் புறப்பாடு 08:50. காத்திருந்தது 2 மணி நேரம்.
பாரீஸ் வருகை 14:00, இந்திய நேரம் 17:30. பறந்தது 7 மணி 10 நிமிடம்.

காகிதத்தில் 04:10-க்கும் 14:00-க்கும் இடையே 9 மணி 50 நிமிடம்தான். உண்மையில் 13 மணி 20 நிமிடம். திரும்பும்போது தலைகீழ்: பாரீஸில் மாலை 15:30-க்கு ஏறி, சென்னையில் மறுநாள் காலை 08:15-க்கு இறங்கினால் காகிதத்தில் 16 மணி 45 நிமிடம், உண்மையில் 13 மணி 15 நிமிடம்.

இதே துபாய்–பாரீஸ் விமானம் அதே 08:50-க்குக் கிளம்பினாலும் குளிர்காலத்தில் 13:00 மணிக்கு இறங்குவதாகக் காட்டும். விமானம் வேகமாகிவிடவில்லை, பாரீஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போயிருக்கிறது. அழைத்துப் போக வரும் உறவினரிடம் எப்போதும் பாரீஸ் நேரத்தையே சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் பணம் போவது நள்ளிரவுத் தேதியில்தான். டிக்கெட்டில் '15 அக்டோபர், 02:05' என்று இருந்தால் நீங்கள் புதுச்சேரியை விட்டுக் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி மாலை. 15-ஆம் தேதி ராத்திரி விமானம் என்று நினைத்து, அன்று முழுக்கப் பெட்டி கட்டிவிட்டு மீனம்பாக்கம் போய் நிற்பவர்கள் இன்றும் உண்டு. விமானம் அதற்குள் போய் ஏறத்தாழ ஒரு நாள் ஆகியிருக்கும். காலண்டரில் குறிக்கும்போது விமானத் தேதியைக் குறிக்காதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் தேதியையும் மணியையும் குறியுங்கள். வருகை நேரத்துக்குப் பக்கத்தில் '+1' என்று இருந்தால் மறுநாள் என்று பொருள்.

மீனம்பாக்கம் வரை உள்ள 140 கி.மீ.

8,000 கி.மீ.-யைப் பத்தரை மணி நேரத்தில் கடக்கும் நாம், முதல் 140 கி.மீ.-க்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கொடுக்கிறோம். திட்டம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

புதுச்சேரியிலிருந்து இரண்டு வழி. ஒன்று திண்டிவனம், செங்கல்பட்டு, தாம்பரம் வழியாக ஜி.எஸ்.டி. சாலை. இதில் ஆத்தூர், பரனூர் சுங்கச்சாவடிகள், பிறகு கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரம் வரை நெரிசல். மற்றது ஈ.சி.ஆர்.: காலாப்பட்டு, மரக்காணம், மாமல்லபுரம் என்று போய், கேளம்பாக்கம்–வண்டலூர் சாலையிலோ துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையிலோ திரும்ப வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மேல் எது வேண்டுமானாலும் போகலாம். ஞாயிறு மாலை ஈ.சி.ஆர். வேண்டவே வேண்டாம், வாரக்கடைசிக்கு வந்த சென்னைக்காரர்கள் மொத்தமும் அந்த நேரத்தில்தான் திரும்புவார்கள். பொங்கல், தீபாவளி விடுமுறை முடியும் நாளில் ஜி.எஸ்.டி. சாலையும் அப்படியே; அன்றைக்கு மட்டும் இரண்டு மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.

கடலூர்க்காரர்கள் இதோடு இன்னும் 25 கி.மீ. சேர்க்க வேண்டும். பகலில் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குள் நுழைந்தால் அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், இந்திரா காந்தி சதுக்கம், ராஜீவ் காந்தி சதுக்கம் என்று ஒவ்வொன்றாக மாட்டும். முக்கால் மணி நேரம் போவது தெரியாது. ஊருக்குள் வராமல் விழுப்புரம் பக்கமாகச் சுற்றிப் போவது தூரம் கூடினாலும் பல நாட்களில் நேரம் மிச்சம்.

பஸ்ஸில் போகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து மீனம்பாக்கம் ஜி.எஸ்.டி. சாலையிலேயே மாநகரப் பேருந்தில் போகலாம். ரயில் என்றால் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம். நிலையத்துக்கு எதிரிலேயே விமான நிலையம். இரண்டு பெரிய பெட்டிகளோடு இதைச் செய்வது சிரமம். நள்ளிரவுக்குப் பிறகு மின்சார ரயிலும் இருக்காது.

சென்னையில் வெளிநாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்திலிருந்து கிளம்புகின்றன. புறப்பாட்டுக்கு மூன்று முதல் மூன்றரை மணி நேரம் முன்பு அங்கே இருங்கள். கவுன்ட்டரை வழக்கமாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஐந்து நிமிடம் தாமதமானாலும் கெஞ்சிப் பயனில்லை.

அப்புறம் வானிலை. நவம்பர், டிசம்பரில் புயல் வந்தால் சாலையும் போகும், ஓடுபாதையும் போகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையம் மறுநாள் அதிகாலை வரை மூடிக் கிடந்தது. அடுத்த நாட்களில் வெள்ளம் விழுப்புரம் பக்கம் அரசூரில் நெடுஞ்சாலையையே துண்டித்தது. புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் ஒரு நாள் முன்பே சென்னை போய்த் தங்குங்கள். போகிப் பண்டிகை காலையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்கள் தாமதமாவது உண்டு. அன்று அதிகாலை இணைப்பு விமானம் எடுக்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையம் உதவுமா?

உதவும், ஆனால் ஓரளவுக்கு. ஓடுபாதை ஒன்றரை கி.மீ.தான், ஏ.டி.ஆர். வகை புரொப்பெல்லர் விமானங்கள் மட்டுமே இறங்க முடியும். 2024 டிசம்பர் 20 முதல் இண்டிகோ பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் இயக்கத் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால் பெங்களூர் பாரீஸ் போகும் கோட்டிலேயே இருக்கிறது. லாஸ்பேட்டை–பெங்களூர் 266, அங்கிருந்து 7,825, மொத்தம் 8,091. நேர்த்தூரத்தைவிடப் பத்துப் பதினைந்து கி.மீ.தான் கூடுதல். காகிதத்தில் இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

நடைமுறையில் மூன்று இடர்கள். சின்ன விமானம் மழைக்கு முதலில் ரத்தாகும். இரண்டும் தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் இணைப்பு தவறியது உங்கள் பாடு. உள்ளூர் விமானத்தில் பெட்டிக்கு வழக்கமாக 15 கிலோதான். வெளிநாட்டு டிக்கெட்டில் 23 கிலோவோ அதற்கு மேலோ தருவார்கள், வித்தியாசத்துக்குக் கிலோ கணக்கில் பணம் கட்ட வேண்டும். ஒரே டிக்கெட்டாகக் கிடைத்தால், பெங்களூரில் நாலு மணி நேரமாவது இடைவெளி இருந்தால், தாராளமாக எடுக்கலாம்.

அந்தப் பக்கம்

ஷார்ல் தெ கோல் நிலையம் பாரீஸ் மையத்திலிருந்து வடகிழக்கே 25 கி.மீ. இறங்கியதிலிருந்து குடியேற்றம், பெட்டி எல்லாம் முடித்து வெளியே வர ஒன்றரை மணி நேரம் வையுங்கள். ஆர்.இ.ஆர். பி புறநகர் ரயிலில் கார் து நோர் நிலையம் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். தமிழ்க்கடைகள் உள்ள லா ஷாப்பெல் அங்கிருந்து நடை தூரம். லியோன், மார்செய் போகிறவர்கள் பாரீஸுக்குள் போக வேண்டாம். இரண்டாம் முனையத்திலேயே டி.ஜி.வி. அதிவேக ரயில் நிலையம் இருக்கிறது.

இப்போது மேலே சொன்ன உதாரணத்தை முழுதாகக் கூட்டுங்கள். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இரவு 21:00 கிளம்பி, 00:30-க்கு மீனம்பாக்கம், 04:10 விமானம், பாரீஸ் நேரம் 14:00 இறக்கம், 15:30 வெளியே, 16:30-க்கு வீடு. இந்திய நேரம் 20:00. மொத்தம் 23 மணி நேரம். அதில் விமானத்துக்குள் இருந்தது 11 மணி 20 நிமிடம், பாதிக்கும் குறைவு. வீட்டிலிருந்து வீடு சராசரி வேகம் மணிக்கு 350 கி.மீ. சொச்சம். டிக்கெட் விலையில் மூவாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க எட்டு மணி நேரக் காத்திருப்பை எடுப்பவர்கள் இந்தக் கணக்கில் அந்த எட்டு மணி நேரத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

திரும்பி வரும்போது நேர்த்தூரம் இன்னொரு விதத்தில் கைகொடுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எந்த விமானமும், ஐரோப்பாவுக்கு வரும் ஐரோப்பிய நிறுவன விமானமும், நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் இழப்பீடு கேட்கலாம். தொகையைத் தீர்மானிப்பது பெருவட்டத் தூரம், 3,500 கி.மீ.-க்கு மேல் உள்ள பயணத்துக்கு 600 யூரோ வரை. பாரீஸ்–துபாய்–சென்னை ஒரே டிக்கெட்டில் இருந்தால் கடைசி ஊரான சென்னை வரையிலான தூரத்தையும் தாமதத்தையும் கணக்கில் எடுப்பார்கள். புயல், வான்வெளி மூடல் போன்றவற்றுக்கு இது பொருந்தாது. சென்னையிலிருந்து வளைகுடா நிறுவனத்தில் போகும் வழிக்கும் பொருந்தாது. போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாமல், விமானக் கதவு திறந்த நேரத்தைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாமதத்தை அளப்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரத்திலிருந்து அல்ல, கதவு திறந்த நேரத்திலிருந்துதான்.